எகிப்தியக் கடவுள்களுக்கு இலாகா கிடையாது

ரா சூரியக் கடவுள். ஒசிரிஸ் மரணக் கடவுள். தோத் அறிவுக் கடவுள். பாஸ்தெத் பூனைக் கடவுள். யூடியூபில் பத்து நிமிட வீடியோவாகவும் வாட்ஸ்அப்பில் படம் போட்ட பட்டியலாகவும் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. மந்திரிசபை அறிவிப்பு மாதிரி ஆளுக்கு ஓர் இலாகா. படிக்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு எகிப்தியக் கல்லறைச் சுவரைப் பார்த்தாலும் தலை சுற்றும்.

சூரியன் யார் என்று பார்ப்போம். காலையில் கெப்ரி, உச்சியில் ரா, சாயங்காலம் அத்தும். ஹோரஸும் ராவும் சேர்ந்து ரா-ஹோராக்தி. அமுனும் ராவும் சேர்ந்து அமுன்-ரா. ஒரு குறுகிய காலம் அதேன் என்ற வெறும் ஒளிவட்டம். இறந்தவர்களைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் ஒசிரிஸ், அனுபிஸ், சோக்கர், ஹத்தோர் என்று நான்கு பேராவது முன்னால் வருவார்கள். மூன்றாம் துத்மோஸ் என்ற அரசனின் கல்லறை முன்னறையில் மட்டும் 741 தெய்வங்களின் பெயர்ப் பட்டியல் எழுதியிருக்கிறது. அவ்வளவு இலாகாக்களுக்கு எங்கே போவது?

எகிப்தியரின் சமயம் சுமார் கி.மு. 3000 தொடங்கி கி.பி. ஆறாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. அவ்வளவு நீண்ட காலம் கோடிக்கணக்கான மக்கள் குழம்பிப்போய்த் திரிந்திருக்க முடியாது. பட்டியலில்தான் ஏதோ கோளாறு.

முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும்

எகிப்து என்பது பாலைவனத்தின் நடுவே ஓடும் ஒரு பச்சைக் கோடு. மழை கிட்டத்தட்டக் கிடையாது. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை நைலில் இறங்கி, கோடை நடுவில் வெள்ளமாக வந்து வயல்களை மூழ்கடிக்கும். சில வாரங்களில் வடியும். வடிந்த இடத்தில் கரிய வண்டல் கிடக்கும்; அதில் விதைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் அஸ்வான் உயர் அணை வரும்வரை அந்த நாட்டின் சாப்பாடு இந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது.

வெள்ளம் குறைந்தால் பஞ்சம். மிஞ்சினால் ஊரே கரைந்து போகும். சரியான நேரத்தில் சரியான அளவு வந்தால்தான் வாழ்க்கை. பச்சை முடியும் இடத்தில் மணல் தொடங்குகிறது, ஒரு காலைப் பயிரிலும் மறுகாலை மணலிலும் வைத்து நிற்கலாம் என்கிற அளவுக்கு. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறவனுக்கு, உலகம் தன்பாட்டுக்கு ஒழுங்காக ஓடும் என்ற நம்பிக்கை எளிதில் வராது.

இங்கே இரண்டு சொற்கள் தேவை. ஒன்று, மாஅத். வெள்ளம் காலத்தில் வருவது, சூரியன் உதிப்பது, தராசு பொய் சொல்லாமல் இருப்பது, அதிகாரி லஞ்சம் வாங்காமல் இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் ஒழுங்கு. வானத்து ஒழுங்கும் வீதியில் நடக்கும் நியாயமும் அவர்களுக்கு ஒன்றேதான். தலையில் ஒற்றை இறகு சூடிய பெண்ணாகவும் மாஅத்தை வரைவார்கள். இன்னொன்று, நூன். படைப்புக்கு முன்னால் இருந்த கரையில்லாத இருண்ட நீர். உலகம் உண்டானதும் அந்த நீர் மறைந்துவிடவில்லை. உலகத்தைச் சுற்றிலும் அடியிலும் இன்னும் இருக்கிறது, விட்டால் உள்ளே வந்துவிடும்.

ஆக, எகிப்தியருக்குப் படைப்பு என்றோ ஒருநாள் நடந்து முடிந்த சம்பவமாக இருக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது மறுபடி நடந்தாக வேண்டும். கடவுள்கள் என்பவர்கள் இந்த ஓயாத பராமரிப்பு வேலையைச் செய்யும் சக்திகள். எந்த வேலைக்கு எந்த உருவம் பொருந்துமோ அந்த உருவத்தில் வருவார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் மெல்ல விளங்கும்.

மிருகத் தலை எதற்கு?

நம் ஊர் வாக்குச்சீட்டில் ஒரு வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் சைக்கிள் இருந்தால், அவர் சைக்கிள் என்று யாரும் நினைப்பதில்லை. எழுத்துத் தெரியாதவரும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளத்தான் அந்தச் சின்னம். அனுபிஸின் தோளுக்கு மேலே இருக்கும் நரித் தலையும் பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. எகிப்தியரின் எழுத்தே படங்களால் ஆனது. மனித உடலில் விலங்குத் தலை வைப்பது அவர்களுக்கு வாசிக்கக்கூடிய ஒரு குறி. இன்னார் வருகிறார், இன்ன தன்மையோடு வருகிறார் என்று அது சொல்லும்.

அது உருவப்படமாக இருந்திருந்தால் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். தோத்தை ஐபிஸ் பறவையாகவும் வரைவார்கள், பபூன் குரங்காகவும் வரைவார்கள். ஹத்தோர் சில இடத்தில் முழுப் பசு, சில இடத்தில் பசுக் காதுள்ள பெண், சில இடத்தில் கொம்புகளுக்கு நடுவே சூரியனைச் சுமக்கும் அழகி. நெஃபெர்தாரி அரசியின் கல்லறையில் கெப்ரி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பாருங்கள். கழுத்துக்கு மேலே முகமே இல்லை, ஒரு முழு வண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சாணத்தை உருண்டையாக்கி உருட்டிக்கொண்டு போகும் அந்த வண்டில் அவர்கள் கண்டது, சூரியனை அடிவானத்துக்கு மேலே தள்ளிவிடும் சக்தியை. முகத்துக்குப் பதில் வண்டு வைத்த ஓவியனுக்குத் தான் ‘உருவம்’ வரையவில்லை என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

விலங்கு வழிபாடே இல்லையா என்றால், இருந்தது. மெம்ஃபிஸில் ஆபிஸ் என்ற காளையை ப்தா கடவுளின் வாழும் வடிவமாகப் போற்றினார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு காளைதான். அது செத்த பிறகே அடுத்ததைத் தேடுவார்கள். கடைசி சில நூற்றாண்டுகளில் பூனை, ஐபிஸ், பருந்து என்று மம்மி செய்து கடவுளுக்குக் காணிக்கையாக விற்பது பெரிய தொழிலாகவே நடந்தது. மான்செஸ்டரில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலங்கு மம்மிகளுக்குள் விலங்கே இல்லை. சேறும் குச்சியும் துணியும்தான். அதை ஏமாற்று என்பதா, பண்டம் தீர்ந்தபோது செய்த மாற்று ஏற்பாடு என்பதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

இரண்டு பேர் ஒருவராவது

பட்டியல் போடுகிறவர்களை அதிகம் அல்லாட வைப்பது அமுன்-ரா. அமுன் தீப்ஸ் நகரத்துத் தெய்வம், கண்ணுக்குப் புலப்படாதவர். ரா ஹெலியோபோலிஸில் கொண்டாடப்பட்ட சூரியன், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறவர். தீப்ஸிலிருந்து வந்த அரசர்கள் நாடு முழுவதையும் ஆளத் தொடங்கியதும் இருவரும் அமுன்-ரா ஆனார்கள். இதில் அரசியல் உண்டு, மறுக்க வேண்டாம். ஆனால் அரசியலோடு முடிந்துவிடவில்லை. மறைந்திருப்பதும் வெளிப்படுவதும் ஒரே சக்தியின் இரு நிலைகள் என்ற எண்ணமும் அந்தப் பெயரில் இருக்கிறது. அதற்காக அமுனும் காணாமல் போகவில்லை, ராவும் காணாமல் போகவில்லை. இருவருக்கும் தனித்தனியாகப் பூசை நடந்துகொண்டுதான் இருந்தது. இப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் இருக்கும் வடிவத்தை இணைத்தெய்வம் என்று சொல்லலாம்.

நெஃபெர்தாரியின் கல்லறைக்கே மறுபடி போவோம். கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டு, இரண்டாம் ராம்சேஸின் பட்டத்து அரசி. ஒரு சுவரில் ஐசிஸ், நெஃப்திஸ் என்ற இரண்டு பெண் தெய்வங்கள் இருபுறமும் நிற்க, நடுவே ஓர் உருவம். உடல் ஒசிரிஸைப் போல மம்மித் துணி சுற்றியது. தலை செம்மறிக் கடா, உச்சியில் சூரிய வட்டு; அது இரவு நேரத்து ரா. பக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம்: ஒசிரிஸில் ஓய்வெடுப்பது ரா, ராவில் ஓய்வெடுப்பது ஒசிரிஸ். சூரியக் கடவுள், மரணக் கடவுள் என்று தனித்தனிக் கட்டம் போட்டால் இந்த உருவத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது?

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். உலகம் தினமும் பராமரிக்கப்பட வேண்டியது. அதைச் செய்யும் சக்திகளே கடவுள்கள். விலங்குத் தலை அந்தச் சக்தியை அறிந்துகொள்ள ஒரு குறி. வேலைக்கு ஏற்ப ஒரு கடவுள் பல பெயர் எடுப்பார், இரண்டு பேர் ஒன்றாவார்கள், மறுபடி பிரிவார்கள்.

உலகம் எப்படி வந்தது? ஊருக்கு ஒரு பதில்

ஹெலியோபோலிஸில் கேட்டால், நூனிலிருந்து ஒரு மேடு எழுந்தது, அதன்மேல் அத்தும் தானாகத் தோன்றினார் என்பார்கள். அவரிடமிருந்து காற்றான ஷூவும் தெஃப்நுத்தும். அவர்களுக்கு நிலமான கெப், வானமான நூத். அவர்களுக்கு ஒசிரிஸ், ஐசிஸ், சேத், நெஃப்திஸ். ஆக ஒன்பது பேர். (நிலம் ஆண், வானம் பெண். வெள்ளத்தை ஆற்றிலிருந்து பெற்ற நாட்டில் வானத்தை மழை பொழியும் தகப்பனாக நினைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.) ஹெர்மோபோலிஸில் கேட்டால் இருளும் நீரும் எல்லையின்மையும் மறைவும் நான்கு இணைகளாக, எட்டுப் பேராக முன்பே இருந்தன என்பார்கள். தெற்கே க்னூம், குயவர் சக்கரத்தில் மனிதர்களை வனைந்தார்.

மெம்ஃபிஸ்காரர்களின் பதில் வேறு ரகம். ப்தா தன் இதயத்தில் நினைத்தார், நாவால் சொன்னார், உலகம் ஆயிற்று. இது இன்று நமக்குக் கிடைப்பது ஒரு கருங்கல் பலகையில். கி.மு. 700 வாக்கில் ஷபாகா என்ற அரசன், புழு அரித்த பழைய சுவடியிலிருந்து படியெடுத்து வெட்டச் சொன்னதாக அந்தக் கல்லே கூறுகிறது. பின்னாளில் யாரோ அதை அரைக்கும் கல்லாக்கிவிட்டார்கள். நடுவே ஒரு குழி, அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். பல வரிகள் தேய்ந்து அழிந்தே போயின. மிச்சம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இவற்றில் எது சரி என்ற சண்டை எகிப்தில் நடந்ததாகத் தெரியவில்லை. ஒரே பாடலில் இரண்டு மூன்று பதில்களைச் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். லெய்டன் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் (நாணலில் செய்த தாள்) சுவடியில் வரும் பாடல், எல்லாத் தெய்வமும் மூவரே, மறைந்த பெயர் அமுன், முகம் ரா, உடல் ப்தா என்கிறது. படைப்பு என்பது ஒரு கோணத்தில் பார்த்து முடிக்க முடியாத அளவுக்குப் பெரியது என்பதே அவர்கள் நிலை.

ஒரே பதில்தான் என்று பிடிவாதம் பிடித்தவன் அகெனாதேன். கி.மு. 1350 வாக்கில் பட்டத்துக்கு வந்தவன், அதேன் ஒளிவட்டம் மட்டும் போதும் என்றான். புதுத் தலைநகர் கட்டினான். அமுனின் பெயரைச் சுவர்களில் தேடித்தேடிச் செதுக்கி அழிக்கச் செய்தான்; தன் சொந்தத் தகப்பன் அமென்ஹோதெப்பின் பெயரில் இருந்த அமுனைக்கூட விடவில்லை. அவன் போன சில ஆண்டுகளில் பட்டமேறிய சிறுவன் துத்தன்காதேன், தன் பெயரைத் துத்தன்காமுன் என்று மாற்றிக்கொண்டான். அவன் வெட்டிய கல்வெட்டு, கோயில்கள் பாழாய்க் கிடந்தன, கடவுள்கள் நாட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டார்கள், கூப்பிட்டாலும் வரவில்லை என்று புலம்புகிறது.

இரவில் நடப்பது

மேற்கே இறங்கிய சூரியன் எங்கே போகிறது? பாதாளத்துக்குள், படகில், பன்னிரண்டு மணி நேரப் பயணம். அரசர் சமவெளிக் கல்லறைகளின் சுவர்களில் மணி வாரியாக இதை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆறாவது மணியில், கடும் இருளில், சூரியன் ஒசிரிஸின் உடலோடு சேர்ந்து புத்துயிர் பெறுகிறது. நெஃபெர்தாரி கல்லறையில் பார்த்த அந்தக் கடாத் தலை மம்மி இந்த நொடியைத்தான் காட்டுகிறது.

வழியில் அப்போஃபிஸ் என்ற பெரும்பாம்பு படகை மறிக்கும். அதற்குப் பூசை கிடையாது, கோயில் கிடையாது. அது ஒழுங்குக்கு எதிரான சக்தி. வெட்டினாலும் அடுத்த இரவு மறுபடி வரும். படகின் முனையில் நின்று அதை ஈட்டியால் குத்துகிறவர் யார் தெரியுமா? சேத். ஆம், ஒசிரிஸைக் கொன்ற அதே சேத். அவரைச் சாத்தான் கணக்கில் சேர்ப்பது பிற்காலக் கண்ணோட்டம். புயல், பாலைவனம், முரட்டு பலம் எல்லாம் அவரே. பாம்போடு மோத அந்த முரட்டுத்தனம் வேண்டியிருந்தது. சேத்தி என்ற பெயரில் எகிப்து அரசர்களே இருந்தார்கள். கி.மு. முதல் ஆயிரமாண்டில்தான் அவர் பெயர் நன்றாகக் கெட்டது.

ஒசிரிஸ் கதையை எழுதியது யார்?

சேத் தன் அண்ணனை அலங்காரப் பெட்டியில் படுக்கச் சொல்லி ஏமாற்றி மூடுகிறான், பெட்டி பிப்லோஸ் கரையில் ஒதுங்குகிறது, ஐசிஸ் தேடிக் கொண்டுவர, அவன் உடலை 14 துண்டாக்கி எறிகிறான். தொடர்ச்சியான கதையாக நாம் கேட்கும் இந்த வடிவம் புளுடார்க் என்ற கிரேக்கர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்க வாக்கில் எழுதியது. எகிப்தியர் எழுத்தில் அது துண்டு துண்டாகத்தான் வரும். கி.மு. 2350 வாக்கில் சக்காராவில் உனாஸ் அரசனின் பிரமிடுக்குள் வெட்டிய மந்திரங்களிலேயே ஒசிரிஸ் இருக்கிறார். ஆனால் கொலையை விவரித்து எழுத அவர்கள் கூசினார்கள். எழுத்துக்கு நிகழ்த்தும் சக்தி உண்டு என்று நம்பியவர்கள் கல்லறையில் கொலையை எழுதுவார்களா?

கதை சொல்லத் தெரியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். கி.மு. 1150 வாக்கில் எழுதிய ஒரு பாப்பிரஸில் ஒசிரிஸின் மகன் ஹோரஸுக்கும் சித்தப்பன் சேத்துக்கும் நடக்கும் சொத்து வழக்கு இருக்கிறது, அரியணைதான் சொத்து. எண்பது ஆண்டுகள் இழுத்தடிக்கிறது. நீதிபதி ரா-ஹோராக்தி சேத் பக்கம் சாய்கிறார். ஒரு கட்டத்தில் ஒரு சில்லறைக் கடவுள் அவரை அவமதித்துப் பேச, கோபித்துக்கொண்டு போய் மல்லாந்து படுத்துவிடுகிறார். அவர் மகள் ஹத்தோர் தன் ஆடையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்து எழுப்பி அழைத்து வருகிறாள்.

வழக்கு நடக்கும் தீவுக்கு ஐசிஸை விடக்கூடாது என்று உத்தரவு. படகுக்காரனுக்குத் தங்க மோதிரம் கொடுத்துக் கரையேறுகிறாள். அழகான இளம்பெண்ணாக மாறி சேத்திடம் போய், என் புருஷன் மாடு மேய்த்தான், செத்துவிட்டான், எவனோ வந்து என் மகனை அடித்து விரட்டிவிட்டு மாட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று அழுகிறாள். மகன் இருக்கும்போது அந்நியனுக்கு மாட்டைக் கொடுப்பதா என்று சேத் பொங்குகிறான். அவ்வளவுதான். பருந்தாகி வேலமரத்தில் ஏறி உட்கார்ந்து, உன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாய் என்கிறாள். அதற்கும் அடங்காமல் கல் படகுப் போட்டி வைக்கிறான் சேத். ஹோரஸ் மரப் படகின்மேல் சுண்ணாம்பு பூசிக் கல் மாதிரி ஆக்குகிறான். சேத் மலை உச்சியை வெட்டி நிஜமாகவே கல் படகு செய்து மூழ்கிப்போகிறான். கடைசியில் அரியணை ஹோரஸுக்கு. சேத் ராவோடு போய் வானத்தில் இடியாக முழங்க வேண்டியது.

கேலி நிறைந்த கதைதான். ஆனால் ஆளும் எந்த அரசனும் பூமியில் ஹோரஸ், இறந்தபின் ஒசிரிஸ். தகப்பனுக்குப் பிறகு மகன் என்ற வரிசையும் மாஅத்தின் ஒரு பகுதி.

கோயிலுக்குள் என்ன செய்தார்கள்?

விடியற்காலையில் அரசன் பெயரால் ஒரு பூசாரி கருவறைக்குப் போவார். முந்தின நாள் வைத்த களிமண் முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பார். சிலையைத் துடைத்து, எண்ணெய் பூசி, துணி மாற்றி, ரொட்டியும் இறைச்சியும் பீரும் படைப்பார். மாஅத்தின் சிறு உருவத்தையும் நீட்டுவார். முடிந்ததும் கதவை மூடி முத்திரை வைத்து, தன் காலடித் தடங்களைத் துடைத்துக்கொண்டே பின்வாங்குவார். படையலைப் பிறகு பூசாரிகள் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். பொதுமக்களுக்கு உள்ளே இடமில்லை. இது பிரார்த்தனைக் கூடம் இல்லை. உலகத்தை ஓடவைக்கும் வேலை நடக்கும் இடம்.

செத்தவனிடமும் இதே கணக்கைத்தான் கேட்டார்கள். இதயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மாஅத்தின் இறகு. நீ எவ்வளவு பக்தி செய்தாய் என்பது கேள்வி இல்லை. யாரையும் அழவைக்கவில்லை, தராசில் கைவைக்கவில்லை, ஓடும் தண்ணீரை அணைகட்டி மறிக்கவில்லை என்று 42 நீதிபதிகள் முன்னால் சொல்ல வேண்டும். தேறாதவனின் இதயத்தை முதலைத் தலையோடு காத்திருக்கும் அம்மித் விழுங்கிவிடும். இதற்கும் ஒரு முன்ஜாக்கிரதை உண்டு. மம்மியின் மார்பில் ஒரு கல் வண்டை வைப்பார்கள். அதன் அடியில், இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று எழுதியிருக்கும்.

கல்லறையாகவே பார்த்துப் பார்த்து இவர்கள் சாவையே நினைத்து வாழ்ந்தவர்கள் என்று சொல்வதுண்டு. கல்லறை கல்லில், வறண்ட பாலையின் ஓரத்தில். வீடு மண் செங்கலில், ஈர வண்டலின்மேல். எது மிஞ்சும்?

வீதியில் கடவுள்

மிஞ்சிய சில குடியிருப்புகளில் முக்கியமானது தேர் எல்-மெதினா, அரசர் கல்லறைகளைத் தோண்டிய தொழிலாளர்களின் ஊர். அங்கே வீட்டுக்குள் இருந்தவர்கள் பெஸ் என்ற குள்ளமான அகன்ற முகத்துக்காரரும், பிரசவத்தைக் காத்த நீர்யானை தவெரெத்தும். பெரிய கடவுள்களை மக்கள் பார்த்தது திருவிழா ஊர்வலத்தில். அப்போதும் சிலை திரைக்குள் மறைந்திருக்கும், தோளில் தூக்கிவரும் படகுதான் கண்ணில் படும். ஆனால் கேள்வி கேட்கலாம். படகு முன்னால் நகர்ந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸில் இப்படி ஒரு வழக்கு. அமுனெம்வியா என்பவன் காவல் காத்த கிடங்கிலிருந்து பட்டப்பகலில் துணிகள் களவு போயின. தன் பேட்டை அமுன் ஊர்வலம் வந்தபோது முன்னால் போய் நின்று ஊரார் பெயரை வரிசையாகப் படித்தான். ஓர் உழவன் பெயர் வந்ததும் கடவுள் தலையசைத்தார். அந்த ஆள் ஒப்புக்கொள்ளாமல் நேரே பக்கத்துப் பேட்டை அமுனிடம் மேல்முறையீட்டுக்குப் போனான். அந்த அமுனும் நீதான் என்றார். இன்னோர் அமுனிடமும் போய்ப் பார்த்தான். சுற்றிவிட்டுப் பழைய அமுன் முன்னாலேயே வந்து நிற்க வேண்டியதாயிற்று. அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டான், பனைமட்டை அடியும் வாங்கினான்.